அரை வறட்சிப் பகுதியில் நிலத்தடி நீர் ஆய்வு: முதல்முறை இறங்குபவர்களுக்கு

நீர்வடிப்பகுதி ஒன்றின், அதாவது விழும் மழைநீர் வடிந்து ஒரே புள்ளி வழியாக வெளியேறும் நிலப்பரப்பின், நிலத்தடி நீரை ஆராயும் வேலை முதல்முறை கைக்கு வந்தபோது, எங்கே தொடங்குவது என்று சொல்லித்தர யாரும் இல்லை. கிடைத்த கையேடுகளில் பாதி ஆய்வக வேதியியலைப் பேசின, மீதி வரைபட மென்பொருளைப் பேசின. இரண்டுக்கும் நடுவே கிடக்கும் வேலையை எல்லாமே விட்டுவிட்டன. புதியவர்கள் தடுமாறுவது அந்த நடுப்பகுதியில்தான். மாணவரோ, தொண்டு நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்தவரோ, சொந்த ஊரின் நீரைப் பற்றிக் கவலைப்படுபவரோ, யாராக இருந்தாலும் அதே தடுமாற்றம் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. கிணறு எவ்வளவு ஆழம், மேட்டில் இருக்கிறதா பள்ளத்தில் இருக்கிறதா, மாதிரி மழைக்கு முன் எடுத்ததா பின் எடுத்ததா என்பது தெரியாவிட்டால், ஆய்வகம் தரும் எண்ணை வைத்து எதையும் சொல்ல முடியாது. மழை குறைவு, ஆவியாதல் அதிகம், பாறையின் வெடிப்புகளில் மட்டுமே நீர் ஓடும் என்கிற நிலத்தில் பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளே வேறு வேறு நீரைத் தரும். அதனால் முதலில் நிலத்தைப் படிக்க வேண்டும், ஆய்வகம் அப்புறம். இந்த வரிசை மாறினால் பணமும் போகும், ஒரு பருவமும் போகும்.

1. கேள்வியை எழுதி வையுங்கள்

“நீரின் தரத்தை ஆராய்தல்” என்பது கேள்வி ஆகாது. குடிக்கலாமா என்பது ஒரு கேள்வி, பயிருக்குப் பாய்ச்சலாமா என்பது வேறொன்று. தடுப்பணை கட்டினால் கீழே உள்ள கிணறுகளுக்குப் பயன் உண்டா என்பது முற்றிலும் வேறு. குடிநீர் என்றால் புளோரைடு, நைட்ரேட், கிருமிகள் முக்கியம். பாசனம் என்றால் மொத்த உப்பும் சோடியத்தின் பங்கும். தடுப்பணை என்றால் நீர்மட்டத்தின் ஏற்ற இறக்கம்தான் முதன்மை, வேதியியல் துணைக்கு. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதி, பணம் தருபவரிடமும் ஊர்க்காரர்களிடமும் காட்டிச் சம்மதம் வாங்கிவிடுங்கள். பின்னால் “அதையும் பார்த்திருக்கலாமே” என்று யாராவது கேட்டால் இந்த வாக்கியம் காப்பாற்றும்.

2. நீர்வடிப்பகுதியின் எல்லையை வரையுங்கள்

இதற்குச் செலவு இல்லை. எஸ்ஆர்டிஎம் என்ற உயரத் தரவு 2000 பிப்ரவரியில் விண்கலத்திலிருந்து ரேடார் மூலம் எடுக்கப்பட்டது. கோப்பர்நிக்கஸ் உயரத் தரவு அதைவிடப் புதியது. இரண்டும் சுமார் 30 மீட்டருக்கு ஒரு உயரப் புள்ளி என்ற அளவில் இலவசமாகக் கிடைக்கின்றன. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளும் இலவசம். நீர் வெளியேறும் புள்ளியைக் குறித்துக் கொடுத்தால் எல்லையை அதுவே வரைந்துவிடும்.

சிக்கல் அதற்கப்புறம் வருகிறது. தட்டையான நிலத்தில் இந்தத் தரவு தடுமாறும். மரத்தின் உச்சியையும் கட்டடத்தின் கூரையையும் தரை என்று எடுத்துக்கொள்ளும். சாலை மேடும் ரயில் பாதையும் நீரை வேறு பக்கம் திருப்பியிருக்கும், அவற்றுக்கு அடியில் ஒரு சிறு பாலம் நீரை மறுபடி இந்தப் பக்கம் விட்டிருக்கும். கணினிக்கு இது எதுவும் தெரியாது. சமஉயரக் கோடுகள் உள்ள அச்சு வரைபடம் ஒன்றை எடுத்து ஒப்பிடுங்கள். ஓடை வரும் இடத்தில் கோடுகள் மேல்பக்கம் நோக்கி மடங்கும், எல்லைக்கோடு சமஉயரக் கோட்டைச் செங்குத்தாக வெட்டும். இந்த இரண்டும் பொருந்தாத இடங்களைக் குறித்துக்கொண்டு நேரில் போய்ப் பாருங்கள். முடிந்தால் மழை பெய்யும்போதே போங்கள்.

இன்னொரு பொறி. மேலே ஓடும் நீரின் எல்லையும் நிலத்தடி நீரின் எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. பாறையில் ஒரு நீண்ட வெடிப்பு இருந்தால் பக்கத்து நீர்வடிப்பகுதியிலிருந்து நீர் உள்ளே வரலாம், இங்கிருந்து அங்கேயும் போகலாம். எல்லைக்கு வெளியே ஒட்டியிருக்கும் சில கிணறுகளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

3. ஆவணங்களுக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்

களத்துக்குப் போவதற்கு இரண்டு, மூன்று மாதம் முன்பே இதைத் தொடங்குங்கள். அலுவலகங்கள் தரும் தேதியை நம்பித் திட்டம் போடாதீர்கள். கேட்க வேண்டியவை: குறைந்தது 30 ஆண்டுகளின் நாள்வாரி மழை அளவு, பாறை வகை வரைபடம், மண் வரைபடம், நிலப்பயன்பாடு, அரசு கண்காணிப்புக் கிணறுகளின் பழைய நீர்மட்டப் பதிவு, துளையிட்டவர்களிடம் இருக்கும் துளைப் பதிவு. கிணறு தனியார் நிலத்தில் இருந்தால் உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான அனுமதியும் வேண்டும். முடிவை யாரிடம் காட்டுவோம் என்பதும் அதிலேயே இருக்கட்டும்.

துளைப் பதிவை யாரும் முறையாக வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் துளை போட்டவரின் நினைவில் நிறைய இருக்கும். எத்தனை அடியில் மண் முடிந்து பாறை வந்தது, எந்த ஆழத்தில் முதல் ஈரம், எந்த ஆழத்தில் நல்ல நீர், துளையின் சுவர் சரியாமல் தாங்கும் குழாயை எது வரைக்கும் இறக்கினார் என்று கேளுங்கள். வேதியியல் அறிக்கை விளக்காத பலவற்றை இந்த நான்கு பதில்கள் விளக்கிவிடும்.

மழைத் தரவில் ஆண்டுச் சராசரியை மட்டும் வாங்கி ஏமாந்துவிடாதீர்கள். ஆண்டு மழையை நிலமும் செடிகளும் ஆவியாக்கக்கூடிய அளவால் வகுத்தால் 0.2 முதல் 0.5 வரை வரும் இடங்களைத்தான் அரை வறட்சிப் பகுதி என்கிறார்கள். இங்கே நான்கைந்து பெருமழைகளே ஆண்டின் மழையில் பெரும்பங்கைக் கொட்டிவிட்டுப் போகும், நிலத்தடிக்கு இறங்குவதும் பெரும்பாலும் அந்த மழைகளில்தான். நாள்வாரிக் கணக்கு இல்லாமல் இது தெரியாது.

4. எல்லாக் கிணறுகளையும் கணக்கெடுங்கள்

அதிக நேரம் ஒதுக்க வேண்டிய கட்டம் இது. மலிவானதும் இதுவே. மின்கடத்துத்திறன் மானி ஒன்று, நீர்மட்டம் அளக்கும் நாடா ஒன்று, இடம் குறிக்கக் கைபேசி ஒன்று இருந்தால் போதும்.

ஒவ்வொரு கிணற்றுக்கும் இருப்பிடம், திறந்த கிணறா ஆழ்துளையா, மொத்த ஆழம், குழாய் இறக்கிய ஆழம், அசையா நீர்மட்டம் (மோட்டார் ஓடாதபோது நிற்கும் மட்டம்), பயன்பாடு, கழிவறைக் குழிக்கோ மாட்டுக் கொட்டகைக்கோ எவ்வளவு தூரம், நீரின் மின்கடத்துத்திறன் ஆகியவற்றைக் குறியுங்கள். நீரில் கரைந்த உப்பு கூடக்கூட மின்கடத்துத்திறன் கூடும். கிணற்றுக்கு ஒரு நிமிடம் போதும். எல்லாக் கிணறுகளின் எண்ணையும் வரைபடத்தில் போட்டுப் பார்த்தால், எங்கே நீர் நன்றாக இருக்கிறது, எங்கே திடீரென்று உவர்கிறது என்பது தெளிவாகும். ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டிய கிணறுகளை இந்த வரைபடம் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மேடு, சரிவு, பள்ளம் மூன்றிலிருந்தும், ஆழமில்லாதது ஆழமானது இரண்டிலிருந்தும் எடுத்தாக வேண்டும். சாலையோரத்துக் கிணறுகளாகவே தேர்ந்தெடுத்தால் சாலையோரத்தைப் பற்றித்தான் தெரியும்.

மானியை ஒவ்வொரு நாள் காலையும் சென்டிமீட்டருக்கு 1413 மைக்ரோசீமென்ஸ் காட்ட வேண்டிய தரக்கரைசலில் சரிபார்த்து, அந்த எண்ணைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். மூன்றாம் வாரம் மானி தப்பாகக் காட்டத் தொடங்கினால், எந்த நாளிலிருந்து என்று கண்டுபிடிக்க வேறு வழி கிடையாது.

நீர்மட்டம் அளக்கும்போது மோட்டார் குறைந்தது சில மணி நேரமாவது ஓடாமல் இருந்திருக்க வேண்டும். பக்கத்துத் தோட்டத்து மோட்டாரும்தான். தரையிலிருந்து அளந்தீர்களா, கிணற்றுச் சுவரின் விளிம்பிலிருந்தா என்பதை எழுதாவிட்டால் அடுத்த முறை அதே இடத்திலிருந்து அளக்க முடியாது. நீர் எந்தத் திசையில் நகர்கிறது என்று தெரிய, ஒரே நேர்கோட்டில் இல்லாத மூன்று கிணறுகளின் நீர்மட்ட உயரமாவது வேண்டும். கைபேசி காட்டும் உயரத்தை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. அது பல மீட்டர் தப்பும், நீங்கள் தேடும் வித்தியாசமோ ஒன்றிரண்டு மீட்டராக இருக்கலாம். நில அளவையாளரை ஒருநாள் கூலிக்கு அழைத்து மட்டம் எடுங்கள். கொடுத்த பணம் வீண் போகாது.

5. காலத்தைத் தேர்ந்தெடுங்கள்

குறைந்தது இரண்டு முறை மாதிரி எடுக்க வேண்டும்: கோடை முடிந்து மழை தொடங்கும் முன் ஒன்று, மழை ஓய்ந்து சில வாரம் கழித்து ஒன்று. இரண்டு முறையும் அதே கிணறுகள். ஒவ்வொரு சுற்றையும் ஒரே வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். இடையில் பெருமழை வந்துவிட்டால் முதல் பாதியையும் இரண்டாம் பாதியையும் ஒப்பிட முடியாது.

மழைக்குப் பிறகு நீர் நல்லதாகிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். பல கிணறுகளில் அது உண்மைதான். ஆனால் மேல்மண்ணில் மாதக்கணக்காகத் தேங்கிய உப்பையும் நைட்ரேட்டையும் முதல் மழைகள் கழுவி உள்ளே இறக்கும். ஆழம் குறைந்த கிணறுகளில் மழைக்குப் பின் அவை கூடியிருந்தால், அறிக்கை தவறு என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

6. மாதிரி எடுக்கும் முறை

“ஐந்து நிமிடம் மோட்டாரை ஓடவிட்டுப் பிடியுங்கள்” என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள துளையில் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 18 லிட்டர் நீர் நிற்கும். 40 மீட்டர் நீர் நின்றால் 700 லிட்டருக்கு மேல். பழைய நீரை வெளியேற்ற மூன்று மடங்கு இறைக்க வேண்டும் என்பது வழக்கமான விதி, அதாவது 2100 லிட்டர். நிமிடத்துக்கு 100 லிட்டர் தள்ளும் மோட்டாருக்கு 21 நிமிடம் ஆகும். அதற்குள்ளேயே மின்கடத்துத்திறன், பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு), வெப்பநிலை மூன்றும் மாறாமல் நின்றுவிட்டால் மாதிரி எடுக்கலாம். தினமும் பல மணி நேரம் ஓடும் பாசனக் கிணறாக இருந்தால் இவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை.

மேல்நிலைத் தொட்டியிலிருந்து பிடிக்காதீர்கள், குழாயின் வாயிலேயே பிடியுங்கள். பொது வேதியியலுக்கு ஒரு லிட்டர் பிளாஸ்டிக் புட்டி. புளோரைடு கண்ணாடியோடு வினைபுரியக்கூடும் என்பதால் கண்ணாடி வேண்டாம். அதே நீரால் மூன்று முறை அலசி, காற்று இல்லாமல் விளிம்புவரை நிரப்பி மூடுங்கள். பிஎச்சை அங்கேயே அளந்துவிடுங்கள். வெளியே வந்த நீரிலிருந்து கரியமில வாயு பிரிந்துபோகும், பிஎச் ஏறும், சில நாளில் சுண்ணாம்பு புட்டியின் அடியில் வெள்ளைப் பொடியாகப் படியும். ஆய்வகம் அளக்கும்போது அது உங்கள் கிணற்று நீராக இருக்காது.

உலோகங்களுக்குத் தனிப் புட்டி. 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, பிஎச் 2-க்குக் கீழே வரும்வரை தூய நைட்ரிக் அமிலம் சேர்க்க வேண்டும். அமிலம் சேர்த்த புட்டியை நைட்ரேட்டுக்கோ பைகார்பனேட்டுக்கோ கொடுத்துவிட்டால் அந்த இரண்டு எண்களும் பாழ். மூடியின் நிறத்தை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய புட்டியைத்தான் பயன்படுத்த வேண்டும். இதை அலசவே கூடாது, மேலே கொஞ்சம் காற்றிடம் விட வேண்டும், பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றே ஆய்வகம் சேர்க்க வேண்டும். ஆறு மணி நேரத்துக்குள் என்றால் நல்லது, 24 மணி நேரத்தைத் தாண்டினால் அந்த முடிவை நம்ப முடியாது. நைட்ரேட்டுக்கும் குளிர் வேண்டும், 48 மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். ஆய்வகம் வார இறுதியில் மாதிரி வாங்குமா என்று கேட்டுவிட்டுத்தான் வெள்ளிக்கிழமை களத்துக்குப் போக வேண்டும்.

புட்டியின் உடலில் எழுதுங்கள், மூடியில் வேண்டாம். மூடிகள் மாறிவிடும்.

7. ஆய்வகமும் செலவும்

செலவில் பெரும்பங்கு பெரும்பாலும் பயணத்துக்கும் ஆட்களுக்கும் போகும், ஆய்வகத்துக்கு அடுத்த இடம்தான். ஆய்வகத்திலும் ஒரு ஏறுவரிசை உண்டு. கால்சியம், மக்னீசியம், சோடியம், பொட்டாசியம், பைகார்பனேட், குளோரைடு, சல்பேட், நைட்ரேட், புளோரைடு ஆகியவை மலிவு. இவை முழுத் தொகுப்பாக எல்லா மாதிரிக்கும் வேண்டும். ஆர்செனிக், யுரேனியம் போன்றவை விலை கூடும், தேர்ந்தெடுத்த கிணறுகளுக்கு மட்டும் போதும். பூச்சிக்கொல்லிச் சோதனை எல்லாவற்றையும் மிஞ்சும். நிலப்பயன்பாடு காரணம் காட்டினால் ஒழிய அதைத் தொடாதீர்கள்.

பணத்தை மிச்சப்படுத்த, இந்த மலிவுப் பட்டியலில் உள்ள அயனிகளில் (நீரில் கரைந்த, மின்னேற்றம் கொண்ட துகள்களில்) ஒன்றை மட்டும் விட்டுவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒன்று குறைந்தாலும் அறிக்கையைச் சரிபார்க்கும் வழி அடைபட்டுவிடும். ஏன் என்று அடுத்த படியில் தெரியும்.

பத்து மாதிரிக்கு ஒன்று வீதம், அதே கிணற்று நீரை வேறு பெயரிட்டு இரட்டை மாதிரியாக அனுப்புங்கள். சுத்திகரித்த வெற்று நீர் ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள். மதிப்பீடு போடும்போது இவற்றின் செலவை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஆய்வகத்துக்கு ஐஎஸ்ஓ 17025 அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கீகாரம் நிறுவனத்துக்கு மொத்தமாகத் தரப்படுவதில்லை, ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனி. சான்றிதழின் இணைப்புப் பட்டியலில் உங்களுக்கு வேண்டிய சோதனை இருக்க வேண்டும்.

8. அறிக்கை வந்ததும் முதலில் சரிபாருங்கள்

நீரில் நேர்மின் அயனிகளின் மொத்த மின்னேற்றமும் எதிர்மின் அயனிகளின் மொத்த மின்னேற்றமும் சமமாகத்தான் இருக்கும். அறிக்கையில் அவை சமமாக இல்லாவிட்டால் எங்கோ பிழை. ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை.

லிட்டருக்கு மில்லிகிராமில் கால்சியம் 40, மக்னீசியம் 36, சோடியம் 184, பொட்டாசியம் 4 என்று வைத்துக்கொள்வோம். இவற்றை முறையே 20, 12.15, 23, 39.1 ஆகிய சமான எடைகளால் வகுத்தால் மில்லிசமான அளவு, அதாவது மின்னேற்றக் கணக்கு, 2.0, 2.96, 8.0, 0.1 என வரும். கூட்டினால் 13.06. மறுபக்கம் பைகார்பனேட் 427, குளோரைடு 142, சல்பேட் 48, நைட்ரேட் 62, புளோரைடு 2. இவற்றை 61, 35.5, 48, 62, 19 ஆகியவற்றால் வகுத்தால் 7.0, 4.0, 1.0, 1.0, 0.1. கூட்டினால் 13.1. இரண்டு கூட்டுத்தொகைகளின் வித்தியாசத்தை மொத்தத்தால் வகுத்தால் ஒரு சதவீதம்கூட இல்லை. 5 சதவீதம் வரை ஏற்கலாம். அதற்கு மேல் போனால் ஆய்வகத்திடம் மறுசோதனை கேளுங்கள். நேர்மின் கூட்டுத்தொகையை 100-ஆல் பெருக்கினால் மின்கடத்துத்திறன் ஏறக்குறைய வர வேண்டும், இங்கே சுமார் 1300 மைக்ரோசீமென்ஸ். களத்தில் நீங்கள் எழுதிய எண்ணோடு ஒப்பிடுங்கள். புட்டி மாறியிருந்தால் இந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும்.

மிக ஆபத்தான பொறி நைட்ரேட்டில் இருக்கிறது. சில ஆய்வகங்கள் நைட்ரேட்டாகவே தரும், சில அதிலுள்ள நைட்ரஜனாகத் தரும். நைட்ரேட் 62 என்பதும் நைட்ரஜன் 14 என்பதும் ஒரே நீர். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு நைட்ரேட்டாக 50, நைட்ரஜனாக 11. அறிக்கையில் 14 என்று பார்த்து, 50-ஐவிடக் குறைவு என்று நினைத்து, பால்புட்டிக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு “நல்ல நீர்” என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும்? அதிக நைட்ரேட் கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் குறைத்துவிடும். அறிக்கையில் தெளிவாக இல்லாவிட்டால் ஆய்வகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

9. எண்களை நிலத்தோடு சேர்த்துப் படியுங்கள்

அதே உதாரணத்தில் புளோரைடு 2, வழிகாட்டு அளவு 1.5. வெயில் நாடுகளில் ஆட்கள் நிறையத் தண்ணீர் குடிப்பார்கள் என்பதால் 1.5-க்குச் சற்றுக் கீழே இருந்தாலும் அலட்சியம் வேண்டாம். புளோரைடு பெரும்பாலும் பாறையிலிருந்தே வருகிறது. கிரானைட், நைஸ் போன்ற பாறைகளில் நீண்டகாலம் தங்கிய நீர், சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்து கால்சியம் குறைந்திருந்தால், புளோரைடைக் கரைத்து வைத்துக்கொள்ளும். கால்சியம் கூடுதலாக இருந்தால் அதோடு சேர்ந்து படிந்துவிடும். ஆகவே ஆழம் கூட்டினால் நல்ல நீர் கிடைக்கும் என்ற நம்பிக்கை புளோரைடு பகுதியில் எதிர்மாறாகவும் முடியலாம். நைட்ரேட்டின் கதை வேறு. அது பெரும்பாலும் மேலிருந்து வருவது: கழிவுக்குழி, சாணம், உரம். ஆழமில்லாத கிணற்றில் நைட்ரேட்டும் ஆழமான கிணற்றில் புளோரைடும் இருந்தால் இரண்டுக்கும் ஒரே தீர்வு தேடாதீர்கள். ஆழ்துளையில் நைட்ரேட் வந்தால், மேல்பகுதியில் குழாய் சரியாக இறக்கப்படவில்லையா என்று முதலில் பாருங்கள்.

கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும். புளோரைடும் நைட்ரேட்டும் போகாது, நீர் வற்றுவதால் செறிவு இன்னும் கூடும். இதை ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் சொல்லுங்கள்.

பாசனத்துக்கு, மில்லிசமான அளவில்: கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்து 4.96, பைகார்பனேட் 7. மிச்சம் 2.04. இந்த மிச்சம் 1.25-க்குள் இருந்தால் நல்லது, 2.5-ஐத் தாண்டினால் மண் இறுகும், நடுவே இருந்தால் கவனம் தேவை. மின்கடத்துத்திறன் 700 மைக்ரோசீமென்ஸுக்குள் இருந்தால் எந்தப் பயிருக்கும் தடையில்லை, 3000-ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிர்கள் தாங்காது.

மழையில் எவ்வளவு நிலத்தடிக்கு இறங்குகிறது என்று தோராயமாக அறிய இரண்டு எளிய வழிகள் உண்டு. ஒன்று குளோரைடு கணக்கு: ஆண்டு மழையை மழைநீரின் குளோரைடால் பெருக்கி நிலத்தடி நீரின் குளோரைடால் வகுக்க வேண்டும். 600 மில்லிமீட்டர் மழை, மழைநீரில் 2, நிலத்தடியில் 60 என்றால் இறங்குவது 20 மில்லிமீட்டர். உரமோ கழிவுநீரோ பாறை உப்போ கலந்த கிணற்றில் இந்தக் கணக்கு செல்லாது. மேட்டில், மனித நடமாட்டம் குறைந்த இடத்துக் கிணறுகளை மட்டும் எடுங்கள். மற்றது நீர்மட்ட ஏற்றம்: மழைக்குப் பின் 2 மீட்டர் ஏறி, பாறையின் நீர்தரு திறன் (தன் கன அளவில் அது விட்டுக்கொடுக்கும் நீரின் பங்கு) 2 சதவீதம் என்றால் 40 மில்லிமீட்டர். கடினப் பாறையில் அந்தத் திறன் 1-ஆ 3-ஆ என்பதைப் பொறுத்தே விடை மூன்று மடங்கு மாறிவிடும். எனவே ஒற்றை எண்ணாகச் சொல்லாமல், இதிலிருந்து இதுவரை என்று வரம்பாகச் சொல்லுங்கள்.

10. முடிவைக் கிணற்றுக்காரரிடம் கொடுங்கள்

பெரிய அறிக்கை எழுதி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். புளோரைடோ நைட்ரேட்டோ கிருமியோ வரம்பைத் தாண்டிய கிணறுகளின் உரிமையாளர்களுக்கு, சரிபார்த்த வாரத்திலேயே நேரில் சொல்லுங்கள். ஒரு தாளில் கிணற்றின் பெயர், தேதி, மூன்று எண்கள், குடிக்கலாமா கூடாதா, அருகில் நல்ல நீருள்ள கிணறு எது என்று எழுதிக் கொடுத்தால் போதும். அந்த நல்ல கிணற்றின் உரிமையாளர் சம்மதித்த பிறகே அதைக் குறிப்பிடுங்கள். மூலத் தரவை எண்களாகவே, அளந்த இடத்தின் குறிப்போடு இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். இரண்டாம் சுற்றுக்கு வேறு ஆள் போக நேர்ந்தாலும், அவர் அதே கிணற்றின் அதே விளிம்பிலிருந்து நாடாவை இறக்க அந்தக் குறிப்பு வேண்டும்.